பதினோராம் வகுப்பில் பிள்ளையும் நாமும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், அமெரிக்காவில் வாழும் பழைய மாணவிகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை எழுதியவர்கள் ஐந்து பேர், வாசிப்பவர் ஒருவர். நியூ ஜேர்சியிலும் கலிபோர்னியாவிலும் இருந்துகொண்டு, பிள்ளைகள் படுத்த பிறகு தொலைபேசியில் கதைத்துக் கதைத்துச் சேர்த்த விடயங்கள் இவை. ஐந்து பேரின் பிள்ளைகளும் நாளைக்கு இதை வாசிக்கக்கூடும் என்பதால், எது யாருடைய வீட்டில் நடந்தது என்று சொல்லாமல் எல்லாவற்றையும் 'நாம்' என்றே சொல்லப்போகிறோம். அப்படிச் சொல்லுவதில் பொய் அதிகம் இல்லை. ஒரு வீட்டில் நடந்தது ஓரிரு வருடம் கழித்து மற்ற வீட்டிலும் நடந்தது.

நிகழ்ச்சி நிரலில் 'கல்லூரிக்கு ஆயத்தமாதல்' என்ற தலைப்பைக் கண்ட மூத்த அக்கா ஒருவர் காலையில் எம்மைப் பிடித்துக் கேட்டார்: "பிள்ளை படிக்கிறதே கல்லூரியிலதானே? பிறகென்ன அதுக்கு ஆயத்தம்?" நியாயமான கேள்வி. எமக்குக் கல்லூரி என்றால் இந்த மதிலும் இந்த மண்டபமும்தான். அமெரிக்காவில் 'கொலிஜ்' என்று சொல்வது நாம் பல்கலைக்கழகம் என்று சொல்வதை. பாடசாலையின் கடைசி நான்கு வருடங்கள், 9 முதல் 12 வரை, அங்கே 'ஹை ஸ்கூல்'. அதில் மூன்றாவது வருடத்துக்கு, அதாவது 11ஆம் வகுப்புக்கு, 'ஜூனியர்' வருடம் என்று பெயர். பிள்ளைக்கு வயது 16, 17. எமது கணக்கில் உயர்தர முதலாம் வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எம்மில் மூவருடைய உயர்தர முதலாம் வருடம் 1995. அது எப்படி முடிந்தது என்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு தென்மராட்சி நோக்கி நடந்தபோது பையில் இரசாயனவியல் குறிப்புக் கொப்பி இருந்தது. மாற்று உடுப்பு இருக்கவில்லை. பிறகு அடுத்த பாடசாலை ஒன்றின் கட்டடத்தில் பின்னேர வகுப்பு, ஜாம் போத்தல் விளக்கு, திரும்பி வந்து மீண்டும் படிப்பு, 1997இல் பரீட்சை. நான்கு பாடம், 400 புள்ளி, மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி. அந்த முறையின் நியாய அநியாயங்களை இங்கே பேச வரவில்லை. அதன் உருவம் ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்த விரும்புகிறோம். விடைத்தாளில் எமது பெயர் இல்லை. சுட்டெண் மட்டும்தான் இருந்தது. எங்கோ ஒரு ஊரில் இருந்து எமது தாளைத் திருத்தியவருக்கு நாம் எந்த ஊர், யாருடைய மகள், இடம்பெயர்ந்து வந்தோமா, வகுப்பில் கேள்வி கேட்போமா, எதுவும் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் அந்த முறையின் நேர்மை. அதனால் எமது ஆயத்தமும் ஒரே மாதிரியானது: வாயை மூடிக்கொண்டு படி, கண்ணுக்குத் தெரியாமல் படி, பெறுபேறு வந்த பிறகு பேசு.

இந்தப் பழக்கத்தோடுதான் நாம் விமானம் ஏறினோம். பிள்ளைகளையும் இந்தப் பழக்கத்தோடு வளர்த்தோம்.

அங்கே அந்த ஒற்றைப் பரீட்சை கிடையாது. பிள்ளை 12ஆம் வகுப்பின் நடுவிலே விண்ணப்பிக்கிறது. முந்திய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1ஆம் திகதி முடிவு. மற்றவற்றுக்கு ஜனவரி தொடக்கம். ஆகவே நவம்பரில் விண்ணப்பிக்கும் பிள்ளையிடம் காட்டுவதற்கு இருக்கும் கடைசி முழு வருடப் புள்ளிகள் 11ஆம் வகுப்புப் புள்ளிகளே. அந்த வருடத்துக்கு இவ்வளவு பாரம் வந்ததற்கு முதற் காரணம் இதுதான். ஒரு நாளில் எழுதிய பரீட்சையும் இல்லை. செப்ரெம்பரிலிருந்து ஜூன் வரை வாராவாரம் கொடுத்த வேலை, சிறு தேர்வு, செயல்திட்டம் எல்லாம் கூட்டி வருகிற புள்ளி. எமது பிள்ளைகள் சிலர் எம்மைப் போலவே கடைசி மாதத்தில் படித்துப் பிடிக்கலாம் என்று இருந்துவிட்டு அடி வாங்கினார்கள். அந்தப் பிழையில் பாதி எம்முடையது. "சோதினை எப்ப?" என்று கேட்டோமே தவிர, "இந்தக் கிழமை என்ன குடுத்தவை?" என்று கேட்கவில்லை.

பரீட்சைகள் இல்லாமலும் இல்லை. ஒக்ரோபரில் பி.எஸ்.ஏ.ரி. என்ற முன்னோட்டப் பரீட்சை. 11ஆம் வகுப்பில் எழுதும் பி.எஸ்.ஏ.ரி.தான் நஷனல் மெரிற் புலமைப்பரிசிலுக்குக் கணக்கில் எடுக்கப்படும். பிறகு வசந்த காலத்தில் எஸ்.ஏ.ரி. இப்போது அதைக் கணினியில்தான் எழுதுகிறார்கள். 2 மணித்தியாலம் 14 நிமிடம், 1600 புள்ளி. ஒரு முறை சரிவராவிட்டால் மறுபடியும் எழுதலாம். இதற்குப் பதிலாக ஏ.சி.ரி. எழுதுபவர்களும் உண்டு. மே மாதத்தில் ஏ.பி. என்ற மேல்நிலைப் பாடங்களின் பரீட்சை, 1 முதல் 5 வரை தரம். 2020இல் பெருந்தொற்று வந்தபோது பல பல்கலைக்கழகங்கள் எஸ்.ஏ.ரி.யைக் கட்டாயம் இல்லை என்று ஆக்கின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அதை இப்போது பார்ப்பதே இல்லை. எம்.ஐ.ரி. 2022இல் மீண்டும் கட்டாயம் என்றது. யேல், பிறவுண், டார்ட்மத் போன்றவை 2024இல் அந்த வழிக்கு வந்தன. எனவே எந்தப் பல்கலைக்கழகம் எதைக் கேட்கிறது என்று அதனதன் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பரீட்சைகளைப் பற்றி எமது ஆட்களுக்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை. நாம் எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் கண்டுபிடிப்பது ரியூசன் வகுப்பைத்தான்.

நாம் தவறவிட்டது வேறு இடத்தில்.

பல பல்கலைக்கழகங்கள், விசேடமாகத் தனியார் பல்கலைக்கழகங்கள், இரண்டு பாட ஆசிரியர்களிடமிருந்து கடிதம் கேட்கின்றன. பாடசாலை ஆலோசகரிடமிருந்தும் ஒரு கடிதம். அந்த இரண்டு ஆசிரியர்களும் அனேகமாக 11ஆம் வகுப்பில் படிப்பித்தவர்களாக இருப்பார்கள், ஏனென்றால் பிள்ளையை அண்மையில் ஒரு முழு வருடம் கண்டவர்கள் அவர்கள்தான். எமது மகள்மாரில் ஒருத்தி கணிதத்திலும் பௌதிகத்திலும் வகுப்பிலேயே முன்னுக்கு நின்றவள். ஜூன் மாதத்தில் ஆசிரியரிடம் கடிதம் கேட்கப் போனாள். அவர் நல்ல மனிதர். "எழுதித் தருகிறேன். ஆனால் உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது உன்னுடைய புள்ளிகள் மட்டும்தான். அதைப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே பார்த்துவிடும். இந்த வருடம் முழுக்க நீ வகுப்பில் ஒரு கேள்வி கேட்கவில்லையே" என்றார்.

பிள்ளை வீட்டுக்கு வந்து அழவில்லை. எம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா, ரீச்சரைக் குறுக்கை கேள்வி கேக்கிறது மரியாதை இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

ஓம், நாம்தான் சொன்னோம். எமது ஆசிரியைகள் முன்னுக்கு இருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நாற்பத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லாத ஒரு வகுப்பில் பாடத்திட்டத்தை முடிக்க ஓடியவர்களுக்குக் கேள்விக்கு நேரம் ஏது. அந்த அமைதி எமக்கு உதவியது. அதை அப்படியே கட்டிக்கொண்டு போய் இன்னொரு நாட்டுப் பிள்ளையின் தலையில் வைத்தது எமது பிழை.

அடுத்த சம்பவம் எமக்கே நடந்தது. 11ஆம் வகுப்பு முடியும் தறுவாயில் பல பாடசாலைகள் பெற்றோருக்கு ஒரு படிவம் அனுப்பும். உங்கள் பிள்ளையின் சிறப்புகள் என்ன, எதில் மனம் வைக்கிறாள், எந்தக் கஷ்டத்தைத் தாண்டியிருக்கிறாள், மூன்று சொல்லில் அவளைச் சொல்லுங்கள் என்று கேட்கும். ஆலோசகர் அதை வைத்துத்தான் தன் கடிதத்தை எழுதுவார். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர் என்பது அவர்களது தொழில்சார் சங்கமே சிபாரிசு செய்யும் அளவு. நடப்பில் பெரும்பாலான இடங்களில் அதைவிடக் கூட. அவ்வளவு பேரையும் அவர் எப்படி அறிவார்?

அந்தப் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு இரவு இருந்தோம். சொந்தப் பிள்ளையைப் புகழ்ந்து எழுதக் கை வரவில்லை. எழுதினால் நாவூறு படும் என்று உள்ளே ஒரு பயம், பி.எச்.டி. செய்தவருக்கும் அந்தப் பயம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கடைசியில் நான்கு வரி எழுதினோம். அடக்கமான பிள்ளை. சொல்வழி கேட்பாள். வீட்டில் உதவி செய்வாள். நன்றாகப் படிப்பாள்.

ஆலோசகர் தொலைபேசி எடுத்தார். "இந்த நான்கு வரியும் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். உங்கள் மகளின் ஒரு சாதாரண கிழமையைச் சொல்லுங்கள்" என்றார். சொல்லத் தொடங்கினோம். காலையில் தம்பிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள், பின்னேரம் அம்மம்மாவுக்கு இன்சுலின் போடுவாள், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அம்மம்மாவுடன் ஆஸ்பத்திரிக்குப் போய் வைத்தியர் சொல்வதைத் தமிழில் சொல்லுவாள், அம்மம்மா சொல்வதில் எதை வைத்தியருக்குச் சொல்ல வேண்டும், எதை விடலாம் என்று அவளே தீர்மானிப்பாள். மறுபக்கத்தில் அமைதி. பிறகு அவர் கேட்டார்: "இதை ஏன் எழுதவில்லை?" எமக்கு அது எழுத வேண்டிய விடயமாகத் தெரியவில்லை. அது வீட்டு வேலை. பல்கலைக்கழகத்துக்கு வயலினும் விவாதப் போட்டியும்தான் வேண்டும் என்று நினைத்திருந்தோம். பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான விண்ணப்பப் படிவத்தில் பத்துச் செயற்பாடுகளைக் குறிக்க இடம் உண்டு. அதில் குடும்பப் பொறுப்பு என்று ஒரு வகையே தனியாக இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தோம்.

அந்த மகள் அவ்வளவு காலமும் ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பாடசாலையில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டு விடயத்தை வெளியில் சொல்லக்கூடாது என்றும் நாமே சொல்லியிருந்தோம்.

இதற்காகப் பிள்ளையை விளம்பரப் பலகை ஆக்கச் சொல்லவில்லை. கோடை விடுமுறைக்கு ஆயிரக்கணக்கில் டொலர் கட்டி ஒரு பெயர் பெற்ற பல்கலைக்கழகக் கட்டடத்தில் மூன்று கிழமை இருந்துவிட்டு வருவதை நாமும் செய்தோம். காசு போனதுதான் மிச்சம். தனியார் ஆலோசகர்களிடம் போனவர்களும் எம்மில் உண்டு. சிலருக்குப் பயன்பட்டது, சிலருக்கு அவர் சொன்னது எல்லாம் பாடசாலை இலவசமாகச் சொன்னதே. வட்ஸ்அப் குழுவில் மற்றவரின் பிள்ளை எத்தனை ஏ.பி. எடுக்கிறது என்று எண்ணுவதை மட்டும் நிற்பாட்டினாலே அந்த வருடத்தில் வீட்டில் பாதிச் சண்டை குறையும். பிள்ளை பத்தரைக்குப் படுத்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இனிக் காசு. இதைச் சொல்லத்தான் உண்மையில் இந்த மேடையைக் கேட்டு வாங்கினோம்.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால் படிப்பு இலவசம். அனுமதி கிடைக்குமா என்பது ஒன்றுதான் கேள்வி. அமெரிக்காவில் அது முதற் கேள்வி. இரண்டாவது கேள்வி முதலாவதைவிடப் பெரியது. தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு வருடச் செலவு 80,000 டொலரைத் தாண்டும் இடங்கள் இப்போது பல. அது பட்டியல் விலை. உதவித் தொகை கழித்த பிறகு நாம் கட்ட வேண்டியது வேறு. அது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

எமது வீடொன்றில், அம்மாவும் அப்பாவும் வேலை. பிள்ளைக்கு முன்னால் காசு கதைப்பதில்லை; அதுவும் எமது பழக்கம்தான். "நீ படி, மற்றதை நாங்கள் பாப்பம்" என்று 11ஆம் வகுப்பு முழுக்கச் சொன்னோம். பிள்ளை நம்பினாள். மார்ச் கடைசியில் அவள் ஆசைப்பட்ட இடத்திலிருந்து அனுமதி வந்தது. கேக் வெட்டினோம், படம் எடுத்து ஊருக்கு அனுப்பினோம். பிறகு உதவிக் கடிதத்தைத் திறந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எமது வருமானத்துக்கு அவர்கள் தரமாட்டார்கள். அந்த வருமானத்தில் வீட்டுக் கடன் போகிறது, ஊரில் இரண்டு குடும்பத்துக்கு மாதா மாதம் போகிறது, அண்ணாவின் மகளின் கலியாணத்துக்குப் போனது. அவர்களுடைய படிவத்தில் அண்ணாவின் மகளின் கலியாணத்துக்குக் கட்டம் இல்லை.

மே 1ஆம் திகதிக்கு முன் பதில் சொல்ல வேண்டும். ஏப்ரல் மாதம் முழுக்க அந்த வீட்டில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள்; நன்றாகப் படிக்கிறாள். ஆனால் அவள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "காசில்லை எண்டு போன வருசமே சொல்லியிருந்தால் நான் அதுக்கு ஆசைப்பட்டே இருக்கமாட்டன். ஏன் என்னை ஆசைப்பட விட்டனீங்கள்?" பெறுபேறு வராததைவிட அது எமக்குப் பெரிய தோல்வி.

தடுத்திருக்கக்கூடிய விடயம் அது. 2011 முதல் கூட்டாட்சி உதவி பெறும் பல்கலைக்கழகங்கள் தமது இணையப் பக்கத்தில் கட்டண மதிப்பீட்டுக் கருவி ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வருமானம், சேமிப்பு, பிள்ளைகளின் எண்ணிக்கை கொடுத்தால் ஏறக்குறைய எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று சொல்லும். அரை மணித்தியால வேலை. 11ஆம் வகுப்புக் கார்த்திகை மார்கழியில், குளிருக்கு வீட்டில் அடைந்து கிடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு செய்யுங்கள். பக்கத்தில் இருத்துவதுதான் முக்கியம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. உதவித் தொகைக்கான 'பாவ்சா' படிவம், சேரும் வருடத்துக்கு இரண்டு வருடம் முந்திய வருமானத்தைப் பார்க்கிறது. 2027 புரட்டாதியில் சேரும் பிள்ளைக்கு 2025ஆம் ஆண்டின் வருமானம். அப்படியென்றால் கணக்கெடுக்கும் வருடம் பிள்ளை 10ஆம் வகுப்பில் இருக்கும் ஜனவரியில் தொடங்கி, 11ஆம் வகுப்பில் இருக்கும் டிசம்பரில் முடிந்துவிடுகிறது. எம்மில் ஒருவர் அந்த வருடம் பார்த்துத்தான் பழைய பங்குகளை விற்றுச் சமையலறையைத் திருத்தினார். வருமானம் அந்த ஒரு வருடம் கூடித் தெரிந்தது. சமையலறை வடிவாகத்தான் இருக்கிறது.

வதிவிட உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டாட்சி அரசின் உதவி, குடியுரிமை உள்ளவர்களுக்கும், கிறீன் கார்ட் உள்ளவர்களுக்கும், தஞ்சம் வழங்கப்பட்டவர்கள் போன்ற சில பிரிவினருக்குமே உண்டு. தஞ்சக் கோரிக்கை இன்னும் முடிவாகாமல் இருந்தால் இல்லை. பெற்றோரின் வேலை விசாவில் தங்கியிருக்கும் பிள்ளைக்கும் இல்லை. மாநிலங்களின் விதியும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சொந்த உதவியும் வேறு வேறு. கேட்டுப் பார்க்க இடம் உண்டு. எமக்குத் தெரிந்த பிள்ளைகள் தமது குடும்பத்தின் நிலை இதுதான் என்பதை இந்தப் படிவத்தை நிரப்பும் இரவில்தான் முதன்முதலில் அறிந்தார்கள். அப்படி அறியக்கூடாது. பதினாறு வயதுப் பிள்ளை தாங்கும். நாம் அந்த வயதில் தாங்கியதை நினைத்துப் பாருங்கள்.

சமூகக் கல்லூரிகளையும் ஏளனமாகப் பார்க்காதீர்கள். இரண்டு வருடம் அங்கே குறைந்த கட்டணத்தில் படித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழி பல மாநிலங்களில், விசேடமாகக் கலிபோர்னியாவில், நன்றாகத் திறந்திருக்கிறது. "அங்கை போறாளாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுகிறோமே, அந்தக் குரல் பிள்ளைக்குக் கேட்கிறது.

ஊரில் இருக்கும் அம்மாமாருக்கும் அம்மம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். தொலைபேசி எடுத்தால் "மெடிசின் கிடைச்சதோ?" என்று கேட்கிறீர்கள். அமெரிக்காவில் உயர்தரம் முடிய நேரே மருத்துவத்துக்குப் போகும் வழி மிகச் சில இடங்களில் மட்டும்தான். மற்றவர்கள் நான்கு வருடம் ஏதாவது ஒரு பட்டம் படித்து, அதன் பிறகு எம்கற் பரீட்சை எழுதி, பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அது இன்னும் நான்கு வருடம். எமக்குப் பதினாறு வயதில் உயிரியலா கணிதமா என்று ஒரு கதவு பூட்டப்பட்டது. அங்கே பல பல்கலைக்கழகங்களில் எந்தப் பாடம் என்று முடிவு செய்யாமலே பிள்ளை உள்ளே போகலாம். ஆகவே பதினோராம் வகுப்புப் பிள்ளை இன்னும் தெரியாது என்று சொன்னால் அது சோம்பல் என்று நினைக்க வேண்டாம். பேத்தியிடம் இந்தக் கிழமை என்ன வாசித்தாய் என்று கேளுங்கள். தமிழில் பதில் சொல்லத் தடுமாறுவாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்தக் கட்டுரை. 11ஆம் வகுப்பு முடிந்த கோடையில் எழுதத் தொடங்குவார்கள். பொது விண்ணப்பம் ஓகஸ்ட் 1ஆம் திகதி திறக்கும். 650 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. தன்னைப் பற்றி எழுத வேண்டும். எமது பிள்ளைகளில் ஒருத்தி 1995 ஒக்ரோபர் 30ஐப் பற்றி எழுதப்போகிறேன் என்றாள். எமக்குள் இதில் பெரிய வாக்குவாதம். எமது துக்கத்தை விண்ணப்பத்தில் வைத்து விற்கக்கூடாது என்றார் ஒருவர். பிள்ளைக்கும் அது சொந்தக் கதைதானே என்றார் மற்றவர். அந்த அம்மா பிள்ளையிடம் சொன்னது இதுதான்: "அண்டைக்கு நடந்தது நான். நீ இல்லை. நீ கண்டதை எழுது." பிள்ளைக்குக் கோபம். "நீங்கள் எனக்கு ஒருநாளும் முழுக்கச் சொல்லேல்லை, நான் எதைக் காணுறது?" என்றாள். அன்றிரவு அம்மா முழுக்கச் சொன்னார். செம்மணி வெளியில் மழை, சனம், அப்பம்மா நடக்க மாட்டேன் என்று இருந்துவிட்டது, எல்லாம். விடியும் வரை இருந்தார்கள்.

பிள்ளை கட்டுரையில் அதை எழுதவில்லை. பனிப்புயல் வருகிறது என்று வானொலி சொன்னவுடன் தன் அம்மா வீட்டில் இருக்கும் அத்தனை போத்தலிலும் தண்ணீர் நிரப்பி வைப்பதையும், சாமான் அறையில் ஐந்து மூடை அரிசி அடுக்கியிருப்பதையும், அதைச் சிநேகிதிகள் பார்த்துச் சிரித்தபோது தனக்கு வெட்கமாக இருந்ததையும், இப்போது தானும் போத்தல் நிரப்புவதையும் எழுதினாள். விண்ணப்பம் போன பிறகுதான் எம்மை வாசிக்க விட்டாள். எந்தப் பல்கலைக்கழகம் அவளை எடுத்தது என்பதைக் கேட்காதீர்கள். அதைச் சொன்னால் இந்த உரையில் உங்களுக்கு அது மட்டும்தான் ஞாபகம் நிற்கும்.

தேநீர் இடைவேளையில் நாம் ஐவரும் நூலகத்துக்கு முன்னால் இருப்போம். ரொறன்ரோ, லண்டன், சிட்னிக்காரருக்கு எமது படிவ விவரங்கள் உதவாது. உங்கள் முறை வேறு. ஆனாலும் வாருங்கள். பெற்றோருக்கான அந்தப் படிவத்தின் வெற்றுப் பிரதிகள் ஐம்பது கொண்டு வந்திருக்கிறோம். எந்த வகுப்புப் பிள்ளையின் தாயும் எடுத்துத் தமிழிலேயே நிரப்பிப் பார்க்கலாம். நாவூறு கழிக்கக் கற்பூரமும் செத்தல் மிளகாயும் தேவையானவர்கள் கன்ரீன் அக்காவிடம் கேளுங்கள். எம்மில் ஒருவரின் கடைசி மகள் இந்த வருடம்தான் 11ஆம் வகுப்பு. அவருடைய படிவமும் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. இன்று பின்னேரம் உங்களோடு இருந்து எழுதப்போகிறார்.